டீசல் சூடும் சக்கைச் சூடும்

போன மாதம் சேலத்தில் ஒரு பெரிய மருத்துவமனையின் ஆய்வகத்துக்குப் போயிருந்தேன். விந்தணு எண்ணும் புதுக் கருவியை அங்கே வேலை செய்யும் இளைஞர்கள் எனக்குக் காட்டினார்கள். ஒரு சொட்டு வைத்தால் போதும். அணுக்கள் ஓடுவது திரையில் தெரிகிறது. எத்தனை ஓடுகின்றன, எத்தனை நிற்கின்றன என்று அதுவே எண்ணிச் சொல்லிவிடுகிறது. நல்ல கருவிதான். அப்போது திரையில் இருந்த எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தது. "இந்த ஆள் என்ன வேலை செய்கிறார்?" என்று கேட்டேன்.

"அது தெரியாது சார். அதெல்லாம் நாங்க கேட்கறதில்லை" என்றார் ஒருவர்.

எனக்குச் சுருக்கென்றது. கேட்காமல் எப்படி என்று ஆரம்பித்துக் கொஞ்சம் நீளமாகவே பேசிவிட்டேன். கிளம்பும்போது, பேசியதை எழுதிக் கொடுங்கள், எங்கள் சங்க மலரில் போடுகிறோம் என்றார்கள். வாயை மூட வைக்க அது ஒரு வழி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

நான் படித்தது விலங்கியல். படித்து முடித்ததும் வேலை கிடைக்காமல் ஒரு நாளிதழின் சேலம் அலுவலகத்தில் பிழை திருத்தினேன். ஆள் போதாத நாட்களில் விபத்துச் செய்தி எடுக்கவும் அனுப்புவார்கள். லாரி மோதியது என்று மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் அங்கே திட்டு விழும். எங்கிருந்து எங்கே போன லாரி, என்ன ஏற்றியிருந்தது, ஓட்டியவர் எப்போது தூங்கினார் என்று கேட்டு வர வேண்டும். பிறகு ஆய்வகப் பயிற்சி முடித்து, எழுபதுகளின் நடுவில் அஸ்தம்பட்டியில் ஒரு பெண் மருத்துவரின் கிளினிக்கில் சேர்ந்தேன். குழந்தை இல்லாத தம்பதிகளை அவர் தனியாகக் கவனித்தார். பெயர் டாக்டர் விசாலாட்சி. நாளிதழில் இருந்தேன் என்று சொன்னதும், "அப்போ கேள்வி கேட்கத் தெரியும். இங்கே ஆம்பளைங்க என்கிட்ட பேச மாட்டேங்கறாங்க. நீங்க கேளுங்க" என்று வேலை கொடுத்தார்.

எல்லோருக்கும் அவர் டாக்டர் அம்மா. குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மடக்கி, மேசைமேல் வைப்பார். கண்ணாடி மேசைக்கு வந்துவிட்டால் எதிரில் இருப்பவர் பேச்சை நிறுத்திக்கொள்வது நல்லது. ஒவ்வொரு நாளும் மூன்று நான்கு முறையாவது அது மேசைக்கு வந்தது.

காரணம் அவருடைய முதல் விதி. கணவனைப் பரிசோதிக்காமல் மனைவியைத் தொடமாட்டார். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு என்று எங்கிருந்து வந்தாலும் வரும் விதம் ஒன்றுதான். முன்னால் மருமகள், பின்னால் மாமியார். மகன் எங்கே என்றால் சாலைக்கு எதிர்ப்புறம் டீக்கடையில் இருப்பார். அவரைக் கூப்பிடுங்கள் என்றால் அவன் எதற்கு என்பார்கள். அதற்குள் அந்தப் பெண்ணுக்கு வேறு இடங்களில் இரண்டு முறை, மூன்று முறை மயக்க மருந்து கொடுத்துக் கர்ப்பப்பையைச் சுரண்டியிருப்பார்கள். "அந்த ஆள் ஒரு பாட்டில்ல கொடுத்திருந்தா இவளுக்கு ஒரு மயக்க ஊசியும் தேவைப்பட்டிருக்காது" என்பார் டாக்டர் அம்மா. கண்ணாடி மேசையில் இருக்கும்.

பாட்டில் என் பொறுப்பு. அகல வாய்க் கண்ணாடிப் பாட்டிலைக் கொதிநீரில் போட்டெடுத்து நன்றாகக் காயவைத்து வைத்திருப்பேன். கணவன் நாலைந்து நாள் மனைவியை விட்டு விலகி இருக்க வேண்டும். கிளினிக்கின் பின்னறையிலேயே எடுத்துக் கொடுப்பது நல்லது. வீட்டில் எடுத்தால் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட வேண்டும். இதை ஒவ்வொருவரிடமும் சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்து அனுப்புவேன். மோகனூரிலிருந்து ஒருவர் பாட்டிலை மைத்துனர் கையில் கொடுத்தனுப்பினார். மைத்துனர் வழியில் நாமக்கல்லில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு, சந்தையில் கயிறும் வாங்கிக்கொண்டு சாயங்காலம் வந்து சேர்ந்தார். இன்னொருவர் கெட்டுப்போகாமல் இருக்க வேண்டும் என்று சோடாக் கடை ஐஸில் புதைத்துக் கொண்டுவந்தார். நுண்ணோக்கியில் ஒன்றும் அசையவில்லை. அவர் என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்.

எடுத்ததை அரை மணி நேரம் வைத்தால் கட்டி இளகும். ஒரு சொட்டைத் தகட்டில் வைத்து முதலில் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். சில நேராக ஓடும், சில நின்ற இடத்திலேயே துடிக்கும், சில கிடக்கும். மின்சாரம் போய்விட்டால் நுண்ணோக்கியை ஜன்னலுக்கு நகர்த்தி, அடிக் கண்ணாடியை வெயில் பக்கம் திருப்பிப் பார்ப்பேன். அதன்பின் ரத்த வெள்ளணு எண்ணுகிற அதே பிப்பெட்டில் இழுத்து, சோடா உப்பும் பார்மலினும் கலந்த நீரில் நீர்க்கச் செய்து, கட்டம் கீறிய கண்ணாடியில் எண்ண வேண்டும். இரண்டு பக்கக் கட்டங்களும் ஒத்துவராவிட்டால் திரும்ப முதலிலிருந்து. இதெல்லாம் கருவி இப்போது செய்துவிடும். எண்ணி முடித்தபின் ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, வேலை என்ன, எங்கே உட்கார்ந்து செய்கிறீர்கள், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். அதைக் கருவி செய்யாது.

கேட்கக் கேட்க டாக்டர் அம்மாவுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. எண்ணிக்கை குறைந்தவர்களில் லாரி ஓட்டுகிறவர்கள், சாயப்பட்டறையில் கொதிக்கும் தொட்டி அருகில் நிற்பவர்கள், ஓட்டல் அடுப்படியில் இருப்பவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். இது நிரூபணம் இல்லை, நம்மிடம் வருகிறவர்களே இப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் என்று அவரே சொல்வார். ஆனாலும் விடவில்லை. அவருக்கு வெளிநாட்டு இதழ்கள் கப்பலில் தாமதமாக வரும். மத்தியானம் கூட்டம் குறைந்ததும் படிப்பார். படித்ததை யாரிடமாவது சொன்னால்தான் தனக்கே புரியும் என்பார். கேட்க நான்தான் இருந்தேன்.

அவர் சொன்னது சுருக்கமாக இது. விதைப்பை உடம்புக்கு வெளியே இருப்பது அங்கே உடம்பைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சி வேண்டும் என்பதற்காக. ஓர் அணு உருவாகி முடிய ஏறக்குறைய இரண்டரை மாதம் பிடிக்கிறது. பிரிவதற்கும், வடிவம் மாறுவதற்கும், வால் வளர்வதற்கும் அதற்குச் சக்தி வேண்டும். சூடு ஏறினால் அணுவுக்குள் எரிபொருள் எரிவது வேகமாகிறது. எரிய ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும். வேறு உறுப்பாக இருந்தால் ரத்த ஓட்டம் கூடி அதைக் கொண்டுவந்து கொடுக்கும். இங்கே ரத்தம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. செலவு ஏறுகிறது, வரவு பழையபடியே நிற்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பாதி வளர்ந்த அணுவுக்குச் சர்க்கரையை நேரடியாக எரித்துப் பிழைக்கத் தெரியாது. அதைச் சுற்றி நின்று வளர்க்கும் பெரிய அணு ஒன்று சர்க்கரையை உடைத்து, லாக்டிக் அமிலமாக்கி அதற்கு ஊட்டுகிறது. அது கிடைக்காமல் சர்க்கரை மட்டும் கிடைத்தால், சர்க்கரைக்கு நடுவிலேயே அதன் சக்தி இறங்கிவிடுகிறது. சூடு இந்த ஏற்பாட்டையும் கலைக்கிறது என்று அப்போது எழுதத் தொடங்கியிருந்தார்கள். சூடு பட்டால் முதலில் சாவது இந்தப் பாதி வளர்ந்தவைதான். முழுசாக வளர்ந்தவை அதற்குப் பிறகும் சில வாரம் வந்துகொண்டிருக்கும். ஆகவே இன்று பாட்டிலில் வருவது இன்றைய செய்தி இல்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு முந்தைய செய்தி. சூட்டை விட்டு விலகினாலும் மூன்று மாதம் கழித்துத்தான் பலன் தெரியும்.

இந்த மூன்று மாதத்தைப் புரியவைப்பதில்தான் எங்கள் வாழ்நாள் போயிற்று. ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு இப்போது பாருங்கள் என்று வந்து நிற்பார்கள். குறைந்திருக்கிறது என்றால் லீவு போட்டதால் குறைந்தது என்பார்கள்.

நல்லதம்பி வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு புரட்டாசியில். நாமக்கல் பக்கம் கரும்பு வைத்திருந்த குடும்பம். இவர் விவசாயத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு பம்பாய்க்கு லாரி ஓட்டினார். மனைவி பாவாயி. கல்யாணமாகி ஆறு வருடம். வழக்கம்போலப் பேச்சைத் தொடங்கியது மாமியார் ராமாயிதான். பாவாயியை எந்தெந்த ஊருக்குக் கூட்டிப்போனார்கள், என்னென்ன மாத்திரை கொடுத்தார்கள் என்று மூச்சு விடாமல் சொன்னார். இரண்டு முறை சுரண்டியாகிவிட்டது. தையில் மகனுக்குத் தன் தம்பி பெண்ணைக் கட்டிவைப்பதாகப் பேசி முடித்திருப்பதாகவும், எதற்கும் ஒரு வார்த்தை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போகலாம் என்று வந்ததாகவும் சொன்னார். பாவாயி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். யாரோ ஒருத்தியைப் பற்றிய பேச்சைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நல்லதம்பியை டீக்கடையிலிருந்து நான்தான் கூட்டிவந்தேன். பாட்டிலைக் கையில் கொடுத்தபோது அதைச் சட்டைக்குள் ஒளித்தார். எண்ணியதில் மிகக் குறைவு. இருந்தவையும் பெரும்பாலும் கிடந்தன. என்ன வேலை என்று கேட்டு டாக்டர் அம்மாவிடம் சொன்னேன். "லாரி எங்கே நிக்குது?" என்றார். ஏற்காடு சாலையிலேயே நின்றது. "போய் உட்கார்ந்து பாருங்க" என்று தெர்மாமீட்டரை எடுத்துக் கொடுத்தார்.

அந்தக் காலத்து வண்டிகளில் இன்ஜின் ஓட்டுகிறவரின் இடது முழங்காலை ஒட்டியே இருக்கும். மேலே தகரமூடி, அதன்மேல் மடித்துப்போட்ட சாக்கு. நல்லதம்பி வண்டியைக் கிளப்பி ஏற்காடு அடிவாரம் வரை ஓட்டிக் காட்டினார். நான் இன்ஜினுக்கு மறுபக்கம் உட்கார்ந்து, கையை நீட்டித் தெர்மாமீட்டரைச் சாக்குக்கும் இருக்கைக்கும் நடுவில் வைத்தேன். அடிவாரத்தில் எடுத்தபோது பாதரசம் மேல் முனையில் முட்டியிருந்தது. காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரில் அதற்குமேல் கோடு இல்லை. திரும்பி வருவதற்குள் அது விரிசல் விட்டுவிட்டது. "ஒண்ணு போச்சு. ஆனா பதில் கிடைச்சுது" என்றார் டாக்டர் அம்மா.

அறைக் கதவைச் சாத்தி, மாமியாரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, கணவன் மனைவி இருவரிடமும் பேசினார். அது அவருடைய இரண்டாவது விதி. முடிவைச் சம்பந்தப்பட்ட இரண்டு பேருக்குச் சொல்வார், மூன்றாவது ஆளுக்குச் சொல்லமாட்டார். உவமை சொல்வதும் அவருக்குப் பிடிக்காது. உவமையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு விஷயத்தை விட்டுவிடுவார்கள் என்பார். அன்றைக்கு நல்லதம்பியின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு ஓர் உவமை சொன்னார்.

"உங்க வண்டியில ரேடியேட்டர் கொதிச்சா என்ன பண்ணுவீங்க?"

"ஓரங்கட்டி நிறுத்திருவனுங்க."

"அதேதான். நீங்க கொஞ்ச நாள் ஓரங்கட்டணும்."

"அரை மணி போதுங்களா?" என்றார் நல்லதம்பி.

கண்ணாடி மேசைக்கு வந்தது. மூன்று மாதம், லாரிப் பக்கமே போகக் கூடாது, மார்கழிக் கடைசியில் வந்து மறுபடி பார்க்கலாம் என்று சொன்னார். நல்லதம்பி தலையை ஆட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, இது தன்னால் என்று அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். நான் சொல்லமாட்டேன், ஆனால் நீங்கள் சொல்லாவிட்டால் உங்கள் மனைவி கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர் அம்மா.

"பரவால்லீங்க" என்றார் பாவாயி. அன்றைக்கு அவர் வாய் திறந்தது அதற்குத்தான். "ஆறு வருசம் கேட்டாச்சு. இன்னும் மூணு மாசம் கேட்டா காது தேஞ்சா போயிரும்?"

ஐப்பசியிலேயே ஒரு தடவை நல்லதம்பி தனியாக வந்து, இப்போது ஒரு கண் பார்க்க முடியுமா என்று என்னைக் கேட்டார். முடியாது என்று திருப்பி அனுப்பினேன். லாரியைத் தொடவே இல்லையே என்று கேட்டதற்குத் தொடவே இல்லை என்றார். அது உண்மைதான்.

மார்கழிக் கடைசியில் வந்தபோது நான்கு பேர் வந்தார்கள். நல்லதம்பி, பாவாயி, ராமாயி. கூட ராமாயியின் தம்பி பொன்னுசாமி, அதாவது தையில் பெண் கொடுக்க இருந்தவர். ஒல்லியான மனிதர், அதிகம் பேசாதவர். மூத்தவளிடம்தான் குறை என்று டாக்டர் வாயால் கேட்டுக்கொண்டு போகலாம் என்று அவராகக் கிளம்பி வந்திருந்தார். இரண்டாம் தாரமாகக் கொடுக்கிறவருக்கு அந்த ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. அதைக் கேட்டுவிட்டால் ஊரில் யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது.

நல்லதம்பி பாட்டிலைக் கொடுத்தார். எண்ணினேன். முன்பு இருந்ததைவிடக் குறைவு. ஓடியவை விரல்விட்டு எண்ணும்படி இருந்தன. தவறாக இருக்குமோ என்று இன்னொரு முறை நீர்க்கச் செய்து எண்ணினேன். அதேதான். டாக்டர் அம்மா தானே வந்து நுண்ணோக்கியில் பார்த்தார். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. மூன்று மாதம் வண்டியை விட்டவருக்கு ஏறியிருக்க வேண்டும், ஏறாவிட்டாலும் இறங்கியிருக்கக் கூடாது. பிறகு பொன்னுசாமியை வெளியே பெஞ்சில் இருக்கச் சொல்லிவிட்டு, மற்ற மூன்று பேரையும் உள்ளே வரச் சொன்னார். இந்தத் தடவை மாமியாரை வெளியே நிறுத்தவில்லை. முடிவைப் பற்றிப் பேசப்போவதில்லை என்பதால்.

"இந்த மூணு மாசம் இவர் என்ன செஞ்சார்?" என்று பொதுவாகக் கேட்டார்.

"சும்மாதானுங்க இருந்தான்" என்றார் ராமாயி. "லாரிக்குப் போவேண்டாம்னு நீங்கதான சொன்னீங்க. இடுப்பு வலின்னு."

டாக்டர் அம்மா நல்லதம்பியைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். இடுப்பு வலி என்று வீட்டில் சொல்லியிருக்கிறார் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"சும்மான்னா? எங்கே சும்மா இருந்தார்?"

"ஆலையிலதானுங்க. நம்ம கரும்பாலையில. ஐப்பசியிலயே கொப்பரை ஏத்தியாச்சு. வேலையொண்ணும் சொல்றதில்லீங்க சாமி. அடுப்புக் குழியில உக்காந்துட்டுச் சக்கை தள்ளுவான், அவ்வளவுதான். இடுப்பு வலிக்கு அந்தச் சூடு நல்லதுங்க. நாந்தான் உக்கார வெச்சேன்."

கரும்பாலை அடுப்பைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பாகு காய்கிற கொப்பரைக்குக் கீழே தரையில் குழி வெட்டியிருக்கும். பிழிந்து காய்ந்த சக்கையை அடுப்பின் வாய்க்குள் தள்ளிக்கொண்டே இருக்க ஓர் ஆள் அந்தக் குழியில் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தீயின் வாய்க்கு நேராக. லாரிச் சூடு ஒரு பக்கத்திலிருந்து வரும். இது நேராக முகத்துக்கும் தொடைக்கும் வரும். விடியற்காலையில் ஏற்றினால் பொழுது சாயும் வரை இறக்கமாட்டார்கள்.

டாக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். மடக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நல்லதம்பியிடம், "உங்ககிட்ட சூடு ஆகாதுன்னு நான் சொன்னேனா இல்லையா?" என்று கேட்டார்.

"வண்டிச் சூடுதானுங்க ஆகாதுன்னீங்க" என்றார் நல்லதம்பி. "அது டீசல் சூடுங்க. இது சக்கைச் சூடு."

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். டீசல் எண்ணெய், கெட்ட நாற்றம், கம்பெனியில் செய்தது. கரும்புச் சக்கை சொந்த வயலில் விளைந்தது. அது எரிந்து வருகிற சூடு உடம்புக்கு என்ன செய்துவிடும்? வண்டியை விட்டுவிட்டு மூன்று மாதம் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார அந்த ஊரில் எந்த மகனாலும் முடியாது. சொந்த ஆலையில் செய்வதை வேலை என்று சொல்கிற வழக்கமும் அங்கே இல்லை. ஐப்பசியில் வந்தவரிடம் லாரியைத் தொட்டீர்களா என்று மட்டும் நாங்கள் கேட்டதற்கு அவர் சரியான பதில்தான் சொல்லியிருக்கிறார்.

டாக்டர் அம்மா மறுபடி முதலிலிருந்து மூன்று மாதம் என்றார். ராமாயி அதெல்லாம் ஆகாது, தையில் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது என்றார். இடுப்பு வலிக்கும் முகூர்த்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் தெரிந்த மூன்று பேர் அந்த அறையில் இருந்தோம், மகனையும் சேர்த்தால் நாலு பேர். யாரும் சொல்லவில்லை.

நாங்கள் அறையை விட்டு வெளியே வந்ததும், பெஞ்சில் உட்கார்ந்திருந்த பொன்னுசாமி என் மேசைக்கு வந்தார். "ஏனுங்க தம்பி, கொறை ஆருகிட்ட? ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. எம் புள்ளை வாழ்க்கைங்க" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை இருந்தது. எனக்குச் சொல்லும் உரிமை இல்லை. டாக்டரைக் கேளுங்கள் என்றேன். டாக்டர் அம்மா வாசல்படியில் வந்து நின்று, நான் சொல்ல முடியாது, அவர்கள் இரண்டு பேரில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்றார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்ல வேண்டியவர் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டு நின்றார். அதற்காக இரண்டு பெண்களின் வாழ்க்கை ஒரு பெஞ்சில் காத்துக்கொண்டிருந்தது. ஒருத்தி இங்கே, ஒருத்தி ஊரில்.

பொன்னுசாமி பாவாயியிடம் திரும்பினார். "நீயாச்சும் சொல்லு புள்ளே."

பாவாயி கணவனைப் பார்த்தார். அவர் நிமிரவில்லை. பாவாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பஸ் நேரம் சொல்வதைப் போலச் சொன்னார்.

"குடுங்க மாமா, உங்க புள்ளைய. நான் ஒண்ணும் தடுக்கலை. ஒரு வருசம் பாப்பாங்க, ரெண்டு வருசம் பாப்பாங்க. அப்பறம் அவளையும் இங்கதான் கூட்டியாருவாங்க. ரெண்டு தடவை சொரண்டுவாங்க. எனக்கு வழி தெரியும். நானே தொணைக்கு வாரேன்."

பொன்னுசாமி விவசாயி. காளை வளர்த்தவர். அவர் பார்வை மெதுவாகப் பாவாயியிடமிருந்து நல்லதம்பிக்குப் போயிற்று.

"ஏண்டா நல்லா" என்றார்.

நல்லதம்பி வேட்டி நுனியை விட்டுவிட்டார். வெளியே ஏற்காடு பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது. பிறகு சொன்னார்:

"இடுப்பு வலி இல்லீங்க மாமா."

அவ்வளவுதான். பொன்னுசாமிக்கு அது போதுமானதாக இருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பஸ் நிலையத்துக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று என்னைக் கேட்டார். அக்காவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ராமாயி மகனை ஏறிட்டுப் பார்த்தார், பிறகு பாவாயியை. அவர் முதலில் கேட்டது, நீங்கள் எதிர்பார்க்கிற எதையும் இல்லை. "அப்பறம் எதுக்குடா ஆலையில உக்காந்த? நான் உக்காரச் சொன்னா உக்காந்துருவியா?" என்று மகனைக் கேட்டார். பாவாயி சிரித்துவிட்டார். எங்கள் கிளினிக்கில் அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

தையில் கல்யாணம் நடக்கவில்லை. நல்லதம்பி நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சரக்குச் சீட்டு எழுதினார். அது அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது என்று பின்னால் சொன்னார். சித்திரையில் எண்ணிக்கை ஏறியிருந்தது. ஓடுபவை நன்றாகவே ஓடின. இந்த இடத்தில் இளைஞர்கள் எல்லோரும், குழந்தை பிறந்ததா சார் என்று கேட்பார்கள். பிறந்தது, பெண். அதற்கு நாங்கள்தான் காரணம் என்று எழுதினால் டாக்டர் அம்மா ஒத்துக்கொள்ளமாட்டார். ஒரு கேஸ் எதையும் நிரூபிக்காது என்பார். குழந்தைக்கு மொட்டை அடித்த கையோடு நல்லதம்பி மறுபடி பம்பாய் லாரி ஏறிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அதற்கு அடுத்த வருடம் ஒரு காலை நேரம். நான் பாட்டில்களைக் காயவைத்துக்கொண்டிருந்தேன். ராமாயி வாசலில் நின்றார். இந்தத் தடவை அவருக்கு முன்னால் எந்தப் பெண்ணும் இல்லை. இருபத்தைந்து முப்பது வயதிருக்கும் ஓர் ஆளை முன்னால் விட்டு, முதுகில் கை வைத்துத் தள்ளாத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த ஆள் டீக்கடையை ஏக்கமாகத் திரும்பிப் பார்த்தபடி வந்தார். மூத்த மகளின் வீட்டுக்காரர், ஆத்தூர்ப் பக்கம் என்றார் ராமாயி. கட்டிக்கொடுத்து நாலு வருடமாகிறதாம். மாப்பிள்ளை வீட்டில் மகளைப் பேசாத பேச்சு பேசுகிறார்களாம். வேறு பெண் பார்ப்பதாகவும் காதில் விழுந்ததாம். எவ்வளவு அநியாயம் பாருங்கள் சாமி என்று என்னிடம் நியாயம் கேட்டார்.

டாக்டர் அம்மா உள்ளேயிருந்து வந்தார். மாப்பிள்ளை பேசுவதற்குள் ராமாயியே, "சவ்வரிசி மில்லுல வேலைங்க. வறுக்கற அடுப்புகிட்ட நிக்கறாரு. வந்தொடனே அதைத்தான் கேப்பீங்க, அதான் நானே சொல்லிப்போட்டேன்" என்றார்.

"சரி. உங்க பொண்ணு வரலையா?"

"அவ எதுக்குங்க? மொதல்ல இவரைப் பாருங்க. அவளைப் போயி எதுக்குப் போட்டுப் பாடுபடுத்தோணும்?"

டாக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் காய்ந்த பாட்டில் ஒன்றை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினேன்.